வட்டவிதானையும் களஞ்சிய யன்னலும்

கல்முனையில் ஒரு மனிதரிடம் கேட்காமல் மழைகூடப் பெய்யாது என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். எங்கள் கந்தோரில் ஒரு கிழமை வேலை செய்திருந்தால் நம்பியிருப்பீர்கள். ஒரு நாள் நடந்ததை மட்டும் வரிசையாகத் தருகிறேன்.

1. புடவைக் கடைகளுக்காக நாங்கள் எழுதிய மென்பொருளில் விலைக்கழிவு பிழையாக விழுந்தது. திருத்த வேண்டியது ஒரே ஒரு வரி.
2. அந்த வரி இருந்த கோப்பு எங்கள் மூத்த நிரலாளர் வட்டவிதானையின் பெயரில் பூட்டிக் கிடந்தது.
3. வட்டவிதானை கதிரையில் இல்லை. சலூனுக்குப் போனதாகச் சொன்னார்கள்.
4. சலூன் வாசலில் நின்று கேட்டேன். ஒரு கன்னத்தை மட்டும் வழித்ததோடு, வயலுக்குத் தண்ணீர் வந்துவிட்டதென்று எழும்பி ஓடிவிட்டாராம்.
5. வெகுநேரம் கழித்து வந்து கோப்பை விடுவித்தார். மறு கன்னம் அப்படியே இருந்தது.
6. வரியைத் திருத்தினேன். நிந்தவூர் பஸ் போய்விட்டிருந்தது.
7. மஃரிப் பாங்கு சொல்லி இருட்டிய பிறகு வீடு போய்ச் சேர்ந்தேன். வாப்பா வாசல் படலையில் நின்றார்.

வாப்பா சத்தம் போடுகிறவர் அல்ல. "இன்னொருக்கா இப்படி இருட்டினா அந்த வேலை வேணாம் மகள்" என்றார். அவ்வளவுதான். கம்பியூட்டர் படித்த பெண்ணுக்கு எங்கள் கரையோரத்தில் அந்த வேலையை விட்டால் வேறு இல்லை. ஒன்றில் நான் வட்டவிதானைக்காகக் காத்திருப்பதை நிறுத்த வேண்டும், அல்லது வேலையை நிறுத்த வேண்டும்.

வட்டவிதானை என்பவர் வாய்க்கால் தண்ணீரை வயல்களுக்கு முறைவைத்துப் பங்கிடுகிறவர். எங்கள் ஆளின் வாப்பாதான் அந்தப் பொறுப்பில் இருந்தவர்; பெயர் மகனுக்கும் ஒட்டிக்கொண்டது. இவர் சவூதியில் கம்பியூட்டர் பழகி வந்து எங்கள் கந்தோரில் மூத்த நிரலாளராக இருந்தார். ஆனால் வாய்க்காலை விட்டு வெளியே வரவில்லை.

எங்கள் நிரலின் கோப்புகளெல்லாம் ஒரு களஞ்சியத்தில் இருந்தன. ஒரு கோப்பைத் திருத்தினால் பழைய வடிவமும் அழியாமல் அடியில் கிடக்கும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஒரு கோப்பை வெளியே எடுக்கலாம். அவர் திரும்ப வைக்கும்வரை மற்றவர்களுக்கு அது பூட்டு. நல்ல ஏற்பாடு. வட்டவிதானை காலையில் வந்ததும் பிஸ்மி சொல்லி, எல்லாக் கோப்புகளையும் தன் பெயரில் எடுத்துவிடுவார். பிறகு கேட்கிறவர்களுக்கு ஒவ்வொன்றாகத் திறந்துவிடுவார். அண்ணன் முறை வைத்து, காக்கா என்று கூப்பிட்டு ஒரு நாள் கேட்டேன்.

"ஏன் காக்கா எல்லாத்தையும் எடுக்கிறீங்க?"

"மடைய ஆருக்கும் திறக்க விட்டா கடைசி வயலுக்குத் தண்ணி போகுமா?"

"இது தண்ணி இல்லயே."

"அதுதான் தங்கச்சி. தண்ணியெண்டா கண்ணுக்குத் தெரியும்."

கண்ணுக்குத் தெரிய வைக்கிறேன் என்று ஒரு யன்னல் செய்தேன்.

அதுவரை எந்தக் கோப்பு யாரிடம் இருக்கிறதென்று பார்க்க, நிரல் எழுதும் திரையை மூடிவிட்டு, கறுப்புத் திரைக்குப் போய்க் கட்டளை அடிக்க வேண்டும். நான் செய்தது, எழுதும் திரையின் ஓரத்திலேயே களஞ்சியத்தைத் திறந்து காட்டும் ஒரு யன்னல். இடப்பக்கம் கோப்புகள். ஒன்றைத் தொட்டால் வலப்பக்கம் அதன் பழைய வடிவங்கள், திருத்தியவர் பெயர், அவர் எழுதிய குறிப்பு. பூட்டியிருந்தால் சிவப்பு. சோற்று நேரங்களில் எழுதி முடித்தேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இனி யாரும் சலூன் வாசலில் நிற்க வேண்டியதில்லை.

முதலாளி ஹாஜியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கீழே ரேடியோக் கடை, மேலே நாங்கள், இரண்டும் அவருடையது. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"இதென்ன தங்கச்சி, மிளகாய் காயப்போட்ட மாதிரி எல்லாம் சிவப்பு?"

"எல்லாம் அவர்ட பேர்ல பூட்டிக் கிடக்கு ஹாஜியார்."

"அப்ப மற்றாக்கள்?"

"அவரட்டக் கேக்கணும்."

ஹாஜியார் நிமிர்ந்தார். "நல்ல சாமான். ஆரட்டக் கேக்கணும் எண்டு தெளிவாத் தெரியுதே" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

அதைவிடக் கொடுமை, வட்டவிதானைக்கு யன்னல் மிகவும் பிடித்துப்போனது. நாள் முழுக்க அதைத் திறந்துவைத்துக்கொண்டு பழைய வடிவங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். யாரோ எப்போதோ விட்ட பிழைகளெல்லாம் வெளியே வந்தன. "தங்கச்சி, போன மாசம் இந்த இடத்தில ஒரு கழித்தல் குறி இருந்திச்சே, என்னத்துக்கு எடுத்த?" என்று அறையின் அந்தப் பக்கமிருந்து கேட்பார். திருத்தினால் குறிப்பு எழுதச் சொன்னேன். எழுதினார். முதல் நாள் "சரி". அடுத்தது "இப்ப சரி". அதற்கடுத்தது "இதுதான் சரி".

விடாமல் ஒரு பொத்தானும் சேர்த்தேன். சிவப்புக் கோப்பின்மேல் அதை அழுத்தினால், "இந்தக் கோப்பு இன்னாருக்கு வேண்டும்" என்று பூட்டியவர் திரையில் செய்தி வரும். அழுத்தினேன். வட்டவிதானை திரையைப் பார்த்தார். எழும்பினார். இடுப்பில் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"கேட்டியாம்?"

"ஓம் காக்கா."

"மறுகா என்ன, கேளு."

"கேட்டுட்டனே. உங்கட திரையில கிடக்கே."

"திரை கேட்டிச்சு. நீ கேக்கல்ல."

கேட்டேன். தந்தார். அன்றிரவு நான் நன்றாகத் தூங்கவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கியது. மருதமுனைப் புடவைக் கடையொன்றில் எங்கள் நிரல் ஒரே சாரத்தை இரண்டு தரம் விற்றதாகக் காட்டியது. பெருநாள் கூட்டம் வரும் முன் அன்றைக்கே திருத்த வேண்டும். எந்தத் திருத்தத்தில் பிழை நுழைந்ததென்று யன்னலில் தேடிக் கண்டுபிடித்துவிட்டேன். கோப்புகளையும் வட்டவிதானை முகம் சுளிக்காமல் தந்தார். ஆனால் நாலைந்து இடங்களில் மாற்ற வேண்டியிருந்தது. மஃரிபுக்குள் முடியாது. நான் பையை எடுத்துக்கொண்டு எழும்பினேன்.

"தங்கச்சி, நீங்க போனா கடைக்காரருக்கு நான் என்ன சொல்ல?" என்றார் ஹாஜியார்.

"இருந்தா வாப்பாக்கு நான் என்ன சொல்ல?"

வட்டவிதானைதான் வாயைத் திறந்தார்.

"உன்ட வாப்பாட்ட ஆராவது கேட்டாங்களா?"

"என்னத்த?"

"புள்ளய இருட்டினாப்புறம் வச்சிரிக்கலாமா எண்டு."

"இல்ல."

"கேக்காம எடுத்தா மனிசனுக்குக் கோவம் வராதா? நீ இரி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

மிச்சத்தை வாப்பாதான் பிறகு சொன்னார். வட்டவிதானை ஓர் ஓட்டோவில் தன் மனைவியையும் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார். உம்மா கொடுத்த தேத்தண்ணியைத் தொடவில்லை. "முதல்ல கேட்டுப்போட்டுக் குடிக்கிறன்" என்றிருக்கிறார். பிறகு என் வாப்பாவை நேரே பார்த்து, "உங்கட மகள இஷாத் தொழுகை முடியிறவரைக்கும் எங்களுக்குத் தரணும். என்ட பெண்சாதி பக்கத்திலயே இருப்பா. எடுத்தபடியே கொண்டுவந்து வைப்பன்" என்று கேட்டிருக்கிறார். வாப்பா, "கொண்டுவந்து தாங்க" என்றாராம்.

படித்துப் பட்டம் பெற்ற என்னை அந்த மனிதர் ஒரு கோப்பைப் போல வெளியே எடுத்திருந்தார். ஆத்திரப்பட நேரம் இல்லை. அவருடைய மனைவி பக்கத்துக் கதிரையில் கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருக்க, நான் திருத்தி முடித்தேன். சாரம் ஒரு தரம் மட்டும் விற்றது. ஓட்டோவில் என்னை வீட்டு வாசலில் இறக்கியதும் அவர் சும்மா போகவில்லை. வாப்பா வெளியே வரும்வரை நின்றார்.

"புள்ளய வச்சிட்டன். பாரமெடுத்தன் எண்டு சொல்லுங்க."

"பாரமெடுத்தன்" என்றார் வாப்பா, ஒப்படைத்த சாமானைப் பொறுப்பேற்பவரைப் போல, மிக மரியாதையாக.

உள்ளே வந்து என்னிடம், "இவ்வளவு நாளும் உங்கட கந்தோரில ஒருத்தரும் என்னட்டக் கேக்கல்லயே மகள். அந்த மனிசன் இரிக்கிற இடமெண்டா நீ போ" என்றார்.

இப்போது நிலைமை இதுதான். என் வேலை நிலைத்துவிட்டது. யன்னல் கந்தோரின் எல்லாக் கம்பியூட்டர்களிலும் ஓடுகிறது. ஒரு கலியாண வீட்டுக்காக வட்டவிதானை பொத்துவில் போயிருக்கிறார். இந்தக் கிழமை முழுதும் வரமாட்டார். போகும்போது எல்லாக் கோப்புகளையும் விடுவித்துவிட்டுத்தான் போனார். யன்னலில் ஒரு சிவப்பும் இல்லை. வேலை தடையில்லாமல் நடக்கிறது. கேட்க ஆளில்லாமல் எனக்குத்தான் காலையிலிருந்து ஒன்றும் ஓடவில்லை.