பச்சைப் புள்ளி எண்ணும் உத்தியோகம்

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. நானும் மகனும் மருமகளும் நலம். நீயும் உன் வீட்டாரும் அப்படியே இருக்க வேண்டும். முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். கோடு போட்ட தாள்தான், ஆனாலும் எழுத்துகள் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் நிற்கின்றன. ‘ழ’ போட்டால் விரல் வலிக்கிறது. காபி வந்தபோது தொடங்கினேன்; இந்த வரிக்குள் அது ஆறிப்போய்விட்டது. ஆமாம் தம்பி, உன் அண்ணன் எழுதப் படிக்கக் கற்றுவிட்டான். மாலையில் நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, நூலக மாடியில் முதியோர் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். இது நமக்குள் இருக்கட்டும். மருமகள் காதுக்கு மட்டும் போகக் கூடாது. போனால் என் உத்தியோகம் போய்விடும்.

என்ன உத்தியோகம் என்பாய். மருமகள் ஆராய்ச்சிக்கூடத்தில் மீன்குஞ்சு வளர்க்கிறாள், அதுகளுக்குக் கண்ணாடி மாதிரி உடம்பு. நீ கொத்து வேலை பார்த்தவன், உனக்குச் சுலபமாகப் புரியும். உடம்பில் இருக்கும் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் முழு வீட்டின் வரைபடமும் இருக்கிறதாம். எந்தப் பக்கத்தைத் திறப்பது, எதை மூடுவது என்பதில்தான் ஒரு செல் கண்ணாகவும் இன்னொன்று நரம்பாகவும் ஆகிறது. நரம்பிலும் பல சாதி வேலை உண்டு. தொட்டால் உணரும் நரம்புக்குரிய பக்கங்களைத் திறந்துவிட ஒரு மரபணு இருக்கிறது, அதுதான் மேஸ்திரி. அவனை எடுத்துவிட்டால் செல் நரம்பாகத்தான் வரும், ஆனால் எந்த நரம்பு என்று அதற்கே தெரியாது. கட்டடத்துக்கு ஆள் வந்துவிட்டான், பூசவா, சுவர் எழுப்பவா என்று சொல்ல நாதியில்லை, அந்தக் கதைதான். மேஸ்திரி இருந்தால், குஞ்சைப் பெரிதாக்கி எடுத்த படத்தில் அந்த நரம்பெல்லாம் பச்சைப் புள்ளியாக மின்னும். இல்லாவிட்டால் புள்ளி குறையும் என்பது மருமகளின் கட்சி. அடுத்த மாதம் ஆராய்ச்சிக்கூடத்துப் பெரியவர்கள் சபையில் அதை அவள் நிரூபிக்க வேண்டும்.

புள்ளியை எண்ணுகிறவருக்கு எந்தப் படம் எது என்று தெரியக் கூடாதாம். படத்தின் தலையிலோ மேஸ்திரி இருந்தால் ‘திறந்தது’, இல்லாவிட்டால் ‘மூடியது’ என்று எழுதியிருக்கும். அதை மறைத்துக் கொடுக்க இன்னோர் ஆளைத் தேட வேண்டும். அப்போதுதான் மருமகள், “மாமா, உங்களுக்குத்தான் படிக்கத் தெரியாதே, நீங்க எண்ணிக் குடுங்களேன்” என்றாள். படிக்கத் தெரியாததற்காக என்னைக் கூப்பிட்டு நாற்காலி போட்டது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை. கிடங்கில் மூட்டை எண்ணிய கண் ஆயிற்றே, தப்பே வராது.

வராது என்றுதான் இருந்தேன். ஒரு நாள் உட்கார்ந்தேன், தலைப்பு தானாகவே ‘மூ-டி-ய-து’ என்றது. அன்றிலிருந்து பிடித்தது சனியன். மங்கலாக ஒன்று தெரிந்தால் புள்ளியா தூசியா என்று யோசிப்பேன் அல்லவா, இப்போது ‘மூடியது’ என்றிருந்தால் அது தூசி, ‘திறந்தது’ என்றிருந்தால் புள்ளி. நம்ம பெண் ஜெயிக்கணும் என்று மனசு நினைக்கிறது, கண் அதற்கு ஒத்து ஊதுகிறது. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன், எல்லாப் புள்ளியும் சேர்ந்து பாசி பிடித்த தொட்டி மாதிரி ஆகிவிட்டது. முகத்தைத் திருப்பி ஓரக்கண்ணால் எண்ணினேன், கழுத்து பிடித்துக்கொண்டது, பாவம், மருமகளே தைலம் தேய்த்துவிட்டாள். கடைசியில் கணினித் திரையில் தலைப்பு வருகிற இடத்தில் புண்ணுக்குப் போடும் பிளாஸ்திரியை ஒட்டினேன். மருமகள் கேட்டதற்குத் திரையில் கீறல் என்று சொல்லிவைத்தேன், மகன் உடனே பழுது பார்க்கிறவரை அழைத்துவிட்டான், அந்த மனிதர் பிளாஸ்திரியை உரித்து, “கீறல் ஒண்ணும் காணோமே பெரியவரே, ‘மூடியது’ன்னுதான் எழுதியிருக்கு” என்று சத்தமாகப் படித்தும் காட்டிவிட்டுப் போனார்.

கற்றதை மறக்க வழி உண்டா என்று மருமகளிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். நரம்பு முழுதாக வளர்ந்த பிறகும் மேஸ்திரி கூடவே இருக்க வேண்டுமாம், அவனை எடுத்தால் அது தன் தொழிலை மறந்துவிடுமாம். என் தலையில் படிப்பைத் திறந்து வைத்திருக்கும் மேஸ்திரி யார் என்று தெரிந்தாலும் அவனை அனுப்ப எனக்கு மனசு வராது தம்பி. கடைப் பலகை எல்லாம் என்னோடு பேசுகிறது. நீ கவலைப்படாதே, எப்படியும் சமாளித்துவிடுவேன். நீயும் நாளைக்கே போய் எழுத்துக் கற்றுக்கொள், அப்புறம் என்னை நினைப்பாய்.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும் சொல்.

உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகுதான் சுருக்கென்றது, உனக்குப் படிக்கத் தெரியாது. படிக்கக் கற்றுக்கொள் என்பதையே எழுத்தில் எழுதியிருக்கிறேன் பார். தொலைபேசியில் நானே படித்தால் ஒரு வரிக்குக் கால் மணி ஆகும். அதனால் உறையைப் பிரித்து, தொலைபேசியில் உனக்குப் படித்துக் காட்டச் சொல்லி மருமகளிடம் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் உள்ளே இருப்பது நினைவுக்கு வந்தது. நின்றபடியே முழுவதும் படித்தாள். “வகுப்புக்குப் போன நாள்லேர்ந்து எண்ணினது அத்தனையும் தூக்கிப் போடணும் மாமா” என்றாள். முதல் தாளை மறுபடி எடுத்து, “இந்த ‘ழ’ மட்டும் நல்லா வந்திருக்கு” என்றாள். அப்புறம் மெதுவாக, “சின்ன மாமாவுக்கு நிஜமாவே படிக்கத் தெரியாதா?” என்று கேட்டாள். ஆகவே மேலே சொன்னதை விட்டுவிடு. எந்த வகுப்புப் பக்கமும் தலைவைக்காதே, உடனே புறப்பட்டு வா, உன் நாற்காலி காலியாக இருக்கிறது. அடுத்த வாரம் நீ இங்கேதான் இருப்பாய், ஆனாலும் உனக்குக் கடிதம் எழுதுவேன். எதிரே உட்கார்ந்து எழுதுகிறேன். நீ மட்டும் இந்தப் பக்கம் பார்க்காதே.