பூட்டிய கதவுக்கு ஒரு வேண்டுதல்

"ஓடணுமாம்ல, ஓட. எவன் தொரத்துறான் உன்னைய? எட்டு மாசமா ஒரு மனுசன் ஒழுங்கா கண்ண மூடல, உனக்கு ஓட்டம் கேக்குதா?"

இதைச் சொன்னது என் வீட்டுக்காரர் கலைச்செல்வன். நேரம் காலை ஆறே முக்கால். கையில் எனக்கான கேழ்வரகுக் கஞ்சி. சூட்டில் என் நாக்கு பொத்துவிடக் கூடாதே என்று ஊதிக்கொண்டே திட்டினார். ரெண்டு ஊதலுக்கு ஒரு திட்டு.

"டாக்டரம்மாதான் சொன்னாங்க, மெதுவா ஓடலாம்னு."

"முழுசா சொல்லு."

"தனியா போக வேணாம், கூட ஒரு ஆளு இருக்கணும்னாங்க."

"ஆளுக்கு எங்க போறது?"

"எதிர்லதான் நிக்கிது. கஞ்சிய ஊதிக்கிட்டு."

"எனக்கு முட்டி வலி" என்றார். வழக்கு அத்தோடு தள்ளுபடி.

ஒரு மாதமாக இதே தீர்ப்பு. மார்பில் கட்டி, திருச்சியில் அறுவை, ஆறு தடவை கீமோ. எல்லாம் முடிந்து, தலையில் அரை அங்குலத்துக்கு முடியும் வந்துவிட்டது. குணமாகிவிட்டாய் என்று ஆஸ்பத்திரி சொல்லிவிட்டது. வீடுதான் இன்னும் சொல்லவில்லை. எழுந்தால் "எங்க போற?" உட்கார்ந்தால் "தலகாணி வேணுமா?" துடைப்பத்தைத் தொட்டால் பிடுங்கிக்கொள்கிறார். உரக்கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு, என் சமையலறையில் நின்று, என் கரண்டியால், ரசம் என்று ஒன்றை வைக்கிறார். அதைக் குடித்தும் பிழைத்திருக்கிறேன் என்றால் ஓட எனக்குத் தெம்பிருக்கிறது என்று யாருக்கும் தோன்ற வேண்டாமா?

எனக்கோ விடிகாலைதோறும் ஒரே கனவு. திருச்சி கான்வென்ட் மைதானம், நானூறு மீட்டர். சிஸ்டர் விசில் ஊதுகிறார். அந்தக் கனவில் எனக்கு வயதில்லை, தழும்பில்லை, கால்கள் மட்டும் இருக்கின்றன. மண் காலுக்குப் பின்னால் நழுவிக்கொண்டே போகிறது. கடைசி வளைவில் யாரோ தோளைத் தட்டுவார்கள். கண் திறந்தால் கஞ்சி.

இப்படிக் கிடந்தவளுக்கு வழி காட்டியது பக்கத்து வீட்டு ஜெகதாம்பாள் அக்கா. கறிவேப்பிலை கொடுக்க வந்தவள், போகும்போது வாசலில் நின்று சொன்னாள்.

"ஏம்மா ஹேமா, சிறுவாச்சூர் வேண்டுதல எப்ப முடிக்கப் போறீங்க?"

"என்ன வேண்டுதல்?"

"உனக்குத் தெரியாதா? அங்க கோயில் பக்கத்துல பூ விக்கிறாளே ரத்தினம்மா, எங்க சின்னம்மா மக, அவதான் சொன்னா. உனக்கு ஆப்பரேசன் அன்னிக்கு உங்க வீட்டுக்காரரு வந்து நின்னாராம். அவ பொழச்சு எந்திரிச்சா பெரம்பலூர்லேர்ந்து நடந்தே வரேன்னு சத்தமா சொன்னாராம்."

நான் சிரித்துவிட்டேன். சாமி கிடையாது என்று கல்யாணப் பந்தலிலேயே என் காதில் சொன்ன மனுஷன். உரக்கடையில் ஒரு காலண்டர் சாமியைக்கூட மாட்டவிடாதவர்.

"ஆளு மாறியிருக்கும்க்கா. ஆப்பரேசன் நடந்தது புதன்கெழம. திங்களும் வெள்ளியும்தானே அங்க நடை தெறப்பாங்க?"

"அதான் சொல்றேன். பூட்டியிருந்துச்சாம். உள்ள ஆளு இருக்குங்குற மாதிரி கதவப் பாத்தே அரை மணி நேரம் பேசுனாராம்."

சிரிப்பு எங்கோ போய்விட்டது. கோயிலுக்குப் போய்ப் பழக்கமில்லாதவன்தான் புதன்கிழமை போய் நிற்பான். அந்த அரை மணி நேரம் நான் மயக்க மருந்தில், எந்தக் கனவும் இல்லாமல் கிடந்திருக்கிறேன். அக்கா கொடுத்த கறிவேப்பிலைக் கொத்தை இலை இலையாகக் கிள்ளிப் போட்டேன். அப்புறம் எனக்கு மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. இது எனக்கு எப்போதும் உள்ள குறை.

சாயந்திரம் கேட்டேன். "சிறுவாச்சூர் பக்கம் போனீங்களா?"

அவர் காது சிவந்தது. "உர லோடு விஷயமா."

"கதவுகிட்ட பேசுனீங்களாமே?"

"அது சும்மா. வேண்டுதல் எல்லாம் இல்ல."

"கதவு என்ன சொல்லுச்சு?"

"ஹேமா, விடு. நான் அதெல்லாம் நம்புற ஆளா?"

"விட்டாச்சு. நம்பாத ஆளு செய்யணும்னு இல்ல. செய்யாட்டி உங்களுக்கா ஏதும் வரப்போவுது? யாருக்காக வேண்டுனீங்களோ அவங்களுக்குத்தான்."

சொல்லிவிட்டு ரெண்டு முறை இருமினேன். இருமல் தானாக வரவில்லை, வரவழைத்தேன். சிஸ்டர்கள் ஊட்டி வளர்த்த மனசாட்சி உள்ளே முழித்துக்கொண்டது. தட்டித் தூங்கவைத்தேன்.

மறுநாள் ஐந்தரைக்கு ஆள் கூடத்தில் குனிந்து ஷூ கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கங்க?"

"ஸ்டேடியத்துக்கு. சுகருக்கு நடக்கச் சொல்லியிருக்காங்க."

"சுகரே இல்லையே உங்களுக்கு."

"வராம இருக்க."

சிறுவாச்சூர் எட்டு கிலோமீட்டர். அதற்குப் பழக ஸ்டேடியத்தில் இருபது சுற்று வேண்டும். என் வீட்டுக்காரர் தெருமுனைக்கே வண்டியில் போகிறவர்.

"முட்டி வலிக்காரர் தனியா போனா எப்படி? நானும் வரேன். படியில சும்மா உக்காந்திருக்கேன்."

"உக்காந்துதான் இருக்கணும்" என்றார். "உக்காராம?" என்றேன்.

ரெண்டு நாள் உட்கார்ந்தேன். என் பொறுமையின் மொத்த இருப்பே அவ்வளவுதான். மூன்றாம் நாள் அவர் பக்கத்தில் நடந்தேன். ஒரு வாரத்தில் அவருக்கு ஆறு சுற்று வந்தது. "நல்லா போறீங்களே" என்று சொல்லிச் சொல்லியே நடையைக் கூட்டினேன். புகழ்ச்சியில் அவர் நடந்தார்.

அது நடந்தது ஒரு தை மாதக் காலை. பனி தரையோடு படுத்திருந்தது. கூட நடந்தவர்கள் இடுப்புக்குக் கீழே இல்லாமல் மிதந்து போனார்கள். விளக்குக் கம்பங்கள் ஒவ்வொன்றும் ஒரு நிலாவைச் சுமந்து நின்றன. ஒன்பதாவது சுற்றில், வளைவு திரும்பும்போது, கால் என்னைக் கேட்காமல் கிளம்பிவிட்டது. தலையில் கட்டியிருந்த துணி நழுவியது. பிடிக்கவில்லை. அரை அங்குல முடிக்குள் குளிர்காற்று விரல் விட்டது. வெட்டிய பக்கம் இழுத்தது. இழுக்கட்டும். இது கனவுதான் என்று நினைத்து, தோளைத் தட்டும் அந்தக் கைக்காகக் காத்துக்கொண்டே ஓடினேன். கை வரவில்லை. மண் சத்தம்தான் வந்தது. கூடவே பின்னாலிருந்து இன்னொரு ஜோடி ஷூவும், ஒரு பம்புசெட் மூச்சும்.

"ஹேமா, நில்லு. விழுந்துடப் போற."

"துணைக்கு ஆளு இருக்கே" என்றேன், திரும்பாமல்.

அவர் ஓடினார். ஐம்பத்திரண்டு வயது, தொந்தி, நம்பிக்கையில்லாத நெஞ்சு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு, அரைச் சுற்று முழுசாக ஓடினார். பிறகு பொத்தென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். அடிபடவில்லை. புல்லில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதாம். பனியில் பாதி கரைந்து, வாயைத் திறந்து திறந்து மூடினார்.

நான் வேகத்தைக் குறைக்கவில்லை. எதிர்ப்பக்கத்து வளைவுக்குப் போயிருப்பேன். எட்டு மாதத்தில் முதல் தடவையாக, என்னிடம் ஒரு வேலை சொல்லும் அவர் குரல், தூரத்திலிருந்து தெளிவாக வந்தது.

"ஹேமா, வந்து இந்தக் காலக் கொஞ்சம் உருவி விடேன்."