இரட்டைத் தலைக் காசு

வாடிப்பட்டிச் சந்தையில் அன்றைக்கு வெங்காயம் போகவில்லை, மாடு போகவில்லை. போனதெல்லாம் தண்ணீர்தான். ஒரு காலணாவைக் கழுவிய தண்ணீர்!

சாதாரணக் காலணாவா அது? இரண்டு பக்கமும் ராஜா தலை. பூப்பக்கமே கிடையாது. வைகையில் குளிக்கும்போது அம்மனே நேரில் வந்து கையில் கொடுத்ததாம். வெள்ளைக்கார ராஜாவின் தலையை அடித்துத் தர நம் அம்மனுக்கு என்ன அவசரமோ, யாரும் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டவர் இருதலைச் சித்தர். போன வருஷம் வரை பேயாண்டி என்ற பெயரில் சோழவந்தானில் பல்பொடி விற்றவர்.

நோய் என்று யார் வந்தாலும் காசைச் சுண்டுவார். தலை விழுந்தால் பிழைக்கும்; காசைக் கழுவிய தண்ணீர்தான் மருந்து. காலையிலிருந்து அத்தனை தடவையும் தலையே விழுந்தது. சனம் மெய்சிலிர்த்தது! பூ விழுவதற்கு அதில் பூவே இல்லை என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

வெற்றிலைக் கடைத் தங்கப்பொண்ணு லேசில் ஏமாறுகிறவள் அல்ல. பெற்ற தகப்பனே காசு நீட்டினாலும் கல்லில் தட்டி, ஓசை கேட்டுத்தான் வாங்குவாள். ஆனால் அவள் மகளுக்குப் பத்து நாளாய், நாள் விட்டு நாள் வரும் முறைக்காய்ச்சல். மடியில் கிடந்த பிள்ளை அனலாய்க் கொதித்தது.

"தலை விழுந்திருச்சு ஆத்தா. காசு மூணு நாள் உன் வீட்டுல தங்கணும். காதுல கெடக்குறதைக் கழட்டி அம்மனுக்கு வையி" என்றார் சித்தர்.

"பிள்ளை பொழைச்சுக்கிருமா சாமி?"

"சுண்டுனதைப் பாத்தீல்ல? ஆஸ்பத்திரிப் பக்கம் மட்டும் போயிராத. அம்மன் கோவிச்சுக்கிரும்."

தங்கப்பொண்ணு ஒரு தண்டட்டியைக் கழற்றிவிட்டாள்.

"ஏத்தா, அந்தக் காசைத் தட்டிப் பாத்தியா?"

கேட்டவர் பாத்திரங்களுக்கு ஈயம் பூசும் காசிமாயன். பம்பாயில் காசு அடிக்கும் ஆலையில் ஆறு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர்.

"சாமி காசைப் போயா தட்டுவாக?" என்று கூட்டம் அதட்டியது.

காசிமாயன் மடியிலிருந்து ஒரு காலணாவை எடுத்துக் காட்டினார். ஒரு பக்கம் ராஜா தலை. மறுபக்கமும் அதே தலை, ஆனால் பள்ளமாய், திசை திரும்பி.

"ஆலையில நெசமாவே தப்பா விழுந்தது இது. முன்னால அடிச்ச காசு அச்சுலயே ஒட்டிக்கிட்டா, அடுத்த காசுல அந்தத் தலை குழியாத்தான் பதியும். இவரு காசுல ரெண்டு தலையும் மேடா இருக்கு. அது ஆலையில பொறக்கலை. ரெண்டு காசைத் தேச்சு ஒட்டுனது."

"அம்மன் கண்ணைக் குத்திரும்டா!" என்று சீறினார் சித்தர்.

"குத்தட்டும். ரெண்டு காசையும் உங்க சாம்பிராணித் தணல்லயே போடுவோம். ஒரே காசா இருந்தா கறுக்கும், அம்புட்டுத்தான். ஈயத்துல ஒட்டியிருந்தா வாயைப் பொளக்கும்."

சித்தர் காசை இடுப்பில் சொருகப் பார்த்தார். தங்கப்பொண்ணு அவர் கையைப் பிடித்துவிட்டாள்.

"நெருப்புக்குப் பயப்படுற காசா எம்பிள்ளையைக் காப்பாத்தப் போகுது? போடுங்க!"

போட்டார்கள். ஆலைக் காசு கறுத்துக் கிடந்தது. தெய்வக் காசின் ஓரத்தில் ஈயம் முத்து முத்தாய்க் கசிந்தது. காசிமாயன் இடுக்கியால் ஒரு தட்டுத் தட்டினார். ராஜா இரண்டாகப் பிரிந்தார். எல்லாரும் குனிந்து அதைப் பார்த்த நேரத்தில் சித்தர் திண்டுக்கல் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தார்.

கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். நம் சனம் விடுமா? ஒருவர் ஆலைக் காசின் முன் கைகூப்பினார்.

"அப்ப இதுதான் நெச சாமிக்காசா மாப்ள? நெருப்பே ஒண்ணும் பண்ணலையே!"

காசிமாயன் தலையில் அடித்துக்கொண்டார். அந்தக் காசைத் தண்ணீரில் முக்கித் தங்கப்பொண்ணிடம் நீட்டினார்.

"இந்தா, மதுரை ஆஸ்பத்திரிக்குப் போற பஸ்ஸுக்கு இதையும் சேத்து வச்சுக்க. தப்பா அடிச்சாலும் காலணா காலணாதான்."

அவள் தண்டட்டியைக் காதில் மாட்டினாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டாள். காசை வாங்கிக் கல்லில் ஒரு தட்டுத் தட்டினாள். 'ணங்' என்றது.

"கோவிச்சுக்காதீக அண்ணே. இனிமே யாரு குடுத்தாலும் தட்டிப் பாத்துத்தான்."

காலணாவைத் தட்டிப் பார்க்காமல் வாங்காத மகாசனங்களே, கடவுள் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறவனை மட்டும் ஏன் தட்டிப் பார்ப்பதில்லை?