பீரோவுக்குள் மூன்று ரோலர்கள்

மனிதர்களில் எடுத்துவைப்பவர் என்று ஓர் இனம் உண்டு. கஞ்சன் வேறு, எடுத்துவைப்பவர் வேறு. இரண்டு பேரையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கஞ்சன் பொருளை வாங்கவே மாட்டான். எடுத்துவைப்பவரோ கடை கடையாக ஏறி இறங்கி, இருப்பதிலேயே உசத்தியானது எது என்று கேட்டு, பேரம் பேசாமல் வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, வந்தவர் போனவருக்கெல்லாம் ஒரு தரம் காட்டி, பிறகு அதைப் பழைய வேட்டியில் சுற்றி, வேட்டியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, பையைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். முடிந்தது கதை. அதற்குப்பின் அந்தப் பொருள் வெளிச்சத்தைப் பார்ப்பது அவர் இஷ்டம்கூட இல்லை, நல்ல நாளின் இஷ்டம்.

நல்ல நாள் என்றால் எது? அதுதான் யாருக்கும் தெரியாது. தீபாவளியா? கூட்டம் வரும், அழுக்காகிவிடும். மகள் கல்யாணமா? யார் யாரோ வந்து போகிற இடம், காணாமல் போய்விடும். சாதாரண நாளா? சாதாரண நாளில் போய் யாராவது நல்லதை எடுப்பார்களா? இப்படியே வருடத்தின் முந்நூற்று அறுபத்தைந்து நாளையும் தள்ளுபடி செய்துவிட்டு, எடுத்துவைப்பவர் நிம்மதியாகத் தூங்குவார்.

ஊட்டி மலையில் நடுவட்டத்துக்கு அந்தப்புறம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஹெட் கிளார்க்காக இருந்த மருதாசலம் இந்த இனத்தின் முழு உருவம். கோயமுத்தூர்க்காரர். முப்பத்து நான்கு வருடம் எஸ்டேட் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். அந்த ஊர் மழையைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஜூனில் ஆரம்பித்தால் துணி காய ஒரு மாதம் ஆகும். அந்த மழையில் மருதாசலம் ஒரு கம்பி ஒடிந்த குடையைத் தலைக்குச் சாய்வாகப் பிடித்துக்கொண்டு, இடது தோள் நனைய ஆபீசுக்குப் போவார். வீட்டில் புதுக்குடை இரண்டு இருந்தன. நனைந்தால் கெட்டுப்போகும் என்று வைத்திருந்தார்.

அவர் வீட்டுக்குப் போனால் சோபாவில்தான் உட்காரச் சொல்வார். கம்பெனி போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் உறை அதன்மேல் அப்படியே இருக்கும். உட்கார்ந்தவர் பேச்சுவாக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கி, காபி வருவதற்குள் முழங்காலை ஊன்றி நிற்க வேண்டியிருக்கும். ஒரு முறை ஆடிட்டர் ஒருவர் தரைக்கே வந்துவிட்டார். “கீழயே உக்காந்துட்டீங்க, வசதியா இருக்குதுங்களா?” என்று மருதாசலம் அக்கறையாகக் கேட்டார்.

இப்படிப்பட்ட மனிதரிடம் ஒரு படகு வந்து சேர்ந்தது. விதியின் விளையாட்டு என்பது இதுதான்.

எஸ்டேட்டின் நடுவே, ஃபாக்டரிக்குத் தண்ணீர் தேக்குவதற்காக வெட்டிய ஓர் ஏரி உண்டு. அதில் மீன்பிடிக்க ஹெர்பர்ட் என்ற உதவி மேனேஜர் பன்னிரண்டடிப் படகு ஒன்று வைத்திருந்தார். தொண்ணூற்றொன்பதில் அவர் வேலையை விட்டுப் போகும்போது, படகையும் அதை ஏற்றி இறக்குகிற பழைய டிரெயிலரையும் மருதாசலத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது ஒன்று சொன்னார். டிரெயிலரில் படகின் அடிக்கட்டை உருள்வதற்காக வரிசையாக மூன்று ரப்பர் ரோலர்கள் இருக்கின்றன, மூன்றும் தேய்ந்துவிட்டன, முதலில் அவற்றை மாற்று, பிறகு படகை இறக்கு.

மருதாசலத்தின் மனைவி பங்கஜம் கோயமுத்தூர் வடவள்ளியில் பிறந்தவள். படகு என்றால் ஊட்டி ஏரியில் தூரத்திலிருந்து பார்த்ததுதான். வாசலில் படகு வந்து நின்றதும் முந்தானையால் அதன் பலகையைத் துடைத்துவிட்டு, “ஏனுங்க, என்னையும் ஒருக்கா ஏத்திக்கிட்டுப் போவீங்களா?” என்று கேட்டாள். “ஒருக்காவா? வாரா வாரம் போலாம். ரோலரு மட்டும் மாத்திக்கிறேன்” என்றார் மருதாசலம். அவர் பொய் சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் அவர் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார்.

அடுத்த வாரமே கூடலூர் வழியாகக் கோழிக்கோடு போய், படகுச் சாமான் கடையில் இருப்பதிலேயே நல்ல ரோலர் மூன்று வாங்கிவந்தார். கறுகறுவென்று, நடுவில் இடுப்பு சிறுத்து, புது ரப்பர் வாசனையோடு இருந்தன. கூடவே ஒரு டப்பா கிரீஸ். அன்று மாலை முழுவதும் அவற்றை மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பங்கஜம், “எப்ப மாட்டறீங்க?” என்றாள்.

“அவசரப்பட்டா எப்படி? பழசுல இன்னும் கொஞ்சம் உசுரு இருக்குது. அது முழுசாத் தேயட்டும். இதைக் கொண்டுபோய்ச் சேத்துல வெச்சா அன்னிக்கே பழசாயிடும்.”

ரோலர்களுக்குக் குழந்தைக்குப் பூசுவதுபோலப் பவுடர் பூசி, தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் அடுக்கிப் பீரோவின் மேல்தட்டில் வைத்தார். பில்லை லேமினேட் செய்து பெட்டியின்மேல் ஒட்டினார்.

அதற்கப்புறம் பதினோரு வருடம்.

அந்தப் பதினோரு வருடமும் படகை அவர் கவனிக்கவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஏரிக்கரையில் அதற்கொரு கொட்டகை போட்டார். படகு நனையாமலிருக்க நல்ல தார்ப்பாய் ஒன்று வாங்கி மூடினார். அந்தத் தார்ப்பாய் கெட்டுப்போகாமலிருக்க அதன்மேல் ஒரு கிழிந்த தார்ப்பாய் போட்டார். ஆயுத பூஜையன்று டிரெயிலருக்குப் பொட்டு வைத்து, வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து, அட்டைப்பெட்டிக்கும் வெளியிலிருந்தே சந்தனம் குங்குமம் வைப்பார். பெட்டியைத் திறந்தாரா? திறப்பதாவது.

ஃபாக்டரி ஃபிட்டர் சுடலைமுத்து வருடா வருடம் கொட்டகைப் பக்கம் வந்து தலையைச் சொறிவார். “ஐயா, படகு ஒரே எடத்துல உக்காந்து ரோலரு சப்பையாப் போவுதுங்க. வருசத்துக்கு ஒருக்கா படகைத் தூக்கி, கம்பியை உருவி, கிரீஸ் வெச்சு, ரோலரைச் சுத்திவிடணும்.”

“வெக்கலாம் வெக்கலாம். கிரீஸ் டப்பா இன்னும் ஒடைக்கலை. இப்ப தேங்காயெண்ணெய் ஊத்திக்க” என்பார் மருதாசலம். சுடலைமுத்து அரை கரண்டி தேங்காயெண்ணெயை ஊற்றிவிட்டு, தலையில் கொஞ்சம் தடவிக்கொண்டு போவார்.

வருடங்கள் போய், மருதாசலத்துக்கு ரிடயர்மென்ட் வந்தது. மே முப்பத்தொன்றுக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கோயமுத்தூரில் மகள் ஜானகி வீடு பார்த்துவிட்டாள். மூன்றாவது மாடி. அங்கே படகு எதற்கு? அதை எஸ்டேட்டுக்கே விட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு.

சாமான் கட்டிக்கொண்டிருந்த பங்கஜம் ஒரு நாள் கையை நிறுத்திவிட்டுச் சொன்னாள். “நான் இதுவரைக்கும் வேற எதும் கேட்டதில்லைங்க. போறதுக்கு முன்னாடி அந்த ஏரிய ஒரே ஒரு சுத்து சுத்தோணும். இந்த ஞாயித்துக்கெழமை விட்டா நமக்கு வேற ஞாயித்துக்கெழமை இல்ல.”

மருதாசலம் காலண்டரைப் பார்த்தார். அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. தள்ளிப்போட இடமே இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையை அவர் தன் வாழ்க்கையில் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஏரிக்கரையில் லேசாக மூடுபனி. சுடலைமுத்து டயருக்குக் காற்றடித்து, எஸ்டேட் டிராக்டரில் டிரெயிலரை மாட்டித் தண்ணீர் ஓரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். இலை பறிக்கிற அங்கம்மாவும் இன்னும் நான்கு பெண்களும், ஹெட் கிளார்க் படகில் போகிறார் என்ற அதிசயத்தைப் பார்க்க நின்றார்கள். பங்கஜம் மஞ்சள் பட்டுச்சேலை கட்டி வந்திருந்தாள். நல்ல நாளைக்கு ஆகும் என்று அவர் எடுத்துவைக்கச் சொன்ன சேலை. கடை மடிப்புக்கூடக் கலையவில்லை. காபி ஃபிளாஸ்கைக் கொண்டுபோய்ப் படகின் பலகைமேல் முன்னாலேயே வைத்துவிட்டாள்.

சுடலைமுத்து குனிந்து டிரெயிலரின் அடியைப் பார்த்தார்.

“ஐயா, நடு ரோலரு ரோலரே இல்ல. வெறும் கம்பிதான் நிக்குது. மத்த ரெண்டும் சுத்தாது. இப்படியே தள்ளுனா இரும்பு கிழிச்சிடும், படகு ஓட்டையாப் போயிடும்.”

எல்லோரும் மருதாசலத்தைப் பார்த்தார்கள். பங்கஜம் இடுப்பில் தொங்கிய பீரோ சாவியை எடுத்து நீட்டினாள்.

அட்டைப்பெட்டி வந்தது. பதினோரு வருடத்துச் சந்தனம் அதன்மேல் அடை அடையாக இருந்தது. மருதாசலம் தன் கையாலேயே செய்தித்தாளைப் பிரித்தார். மூன்றும் வாங்கியபடியே இருந்தன. “நடுவுக்கு மட்டும் ஒண்ணு போட்டாப் போதாதா? மத்த ரெண்டும் இருக்கட்டுமே” என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். சுடலைமுத்து காதில் விழாததுபோல ஒரு ரோலரை எடுத்துப் பொருத்தி, கம்பியைத் துளையில் விட்டு, சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார்.

ரோலர் கடலைமிட்டாய் மாதிரி இரண்டாக உடைந்தது.

அடுத்ததை எடுத்தார். அது தட்டுவதற்கு முன்பே வெடித்தது. மூன்றாவதை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். “ரப்பரு ஐயா. வெச்சிருந்தே கல்லாப் போயிடுச்சு. ஓடியிருந்தா இன்னும் ரெண்டு வருசம் தாங்கியிருக்கும்.”

“பில்லு இருக்குதே, ஒரு வருச கேரண்டி” என்றார் மருதாசலம். அங்கம்மா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

இந்த இடத்தில் அவரைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ரோலர் உடைந்ததும் அவர் மனதில் முதலில் வந்தது வருத்தம் இல்லை. அப்பாடா, படகு நனையவேண்டியதில்லை என்ற ஆறுதல்தான். அந்த ஆறுதலோடு திரும்பினார். பங்கஜம் எட்டிப் படகுக்குள் கையை விட்டு ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டிருந்தாள். கோபிக்கவில்லை. அழவில்லை. “சரி, போலாமுங்க. மூட்டை கட்டற வேலை கெடக்குது” என்றாள். பதினோரு வருடமாக ஏமாந்து பழகிய குரல் அது. அதைக் கேட்டதும் மருதாசலத்துக்கு நெஞ்சுக்குள் ஏதோ அறுந்தாற்போல் இருந்தது.

“சித்தெ இரு” என்று சொல்லிவிட்டுக் குவார்ட்டர்ஸ் மேட்டை நோக்கி நடந்தார். நடந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது, ஓடினார். திரும்பி வந்தபோது ஒரு தோளில் பவானி ஜமக்காளம் இரண்டு. ஜானகி கல்யாணத்துக்கென்று வாங்கி, கல்யாணத்தன்றும் விரிக்காமல், டிரங்குப் பெட்டியில் அந்துருண்டையோடு படுத்திருந்தவை. இன்னொரு கையில் உறை பிரிக்காத குளியல் சோப்பு ஒரு டஜன்.

“ஏனுங்க, அது நல்ல ஜமக்காளமுங்க” என்றாள் பங்கஜம்.

“தெரியுது. நீ அந்தக் கோடியப் புடி.”

பெண்கள் ஐந்து பேரும் கைகொடுத்துப் படகை ஒரு பக்கம் தூக்க, ரோலர் இருந்த இரும்பின்மேல் ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போட்டார்கள். ஏரித்தண்ணீரை மொண்டு ஊற்றினார்கள். மருதாசலம் தானே சோப்பு உறையைக் கிழித்துக் கிழித்து, ஒவ்வொரு சோப்பையும் ஜமக்காளத்தில் தேய்த்தார். ஒவ்வொரு தேய்ப்புக்கும் பல்லைக் கடித்துக்கொண்டார் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. பிறகு எல்லோரும் சேர்ந்து தள்ளினார்கள். படகு நுரை தள்ளிக்கொண்டு வழுக்கி, மல்லிகை வாசனையோடு ஏரியில் போய் விழுந்தது.

இருவரும் ஏறிக்கொண்டார்கள். மருதாசலம் துடுப்புப் போட்டார். படகு மூடுபனிக்குள் போனது. தேயிலைச் சரிவு ஒரு பக்கம் மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. பங்கஜம் கையைத் தண்ணீரில் விட்டு, எடுத்து, மறுபடி விட்டாள். பட்டுச்சேலையின் ஓரம் நனைந்தது, அவள் கவனிக்கவில்லை. மருதாசலம் கவனித்தார், ஆனால் சொல்லவில்லை. அது அவருக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

பாதி ஏரி வந்ததும் துடுப்பை நிறுத்தினார். பழக்கம் எங்கே விடும்? “நல்லாத்தான் இருக்குது பங்கஜம். பாதி போதும். மீதிய இன்னொரு நாளைக்கு வெச்சுக்கலாம்” என்றார்.

“மீதிய எந்தப் பீரோவுல வெப்பீங்க?” என்று கேட்டுவிட்டு, பங்கஜம் துடுப்பை வாங்கிக்கொண்டாள்.

அன்று அவர்கள் மூன்று சுற்று சுற்றினார்கள். மூன்றாவது சுற்றில் துடுப்புப் போட்டது இரண்டு பேரும்தான் என்று அங்கம்மா எஸ்டேட் முழுவதும் சொல்லிவிட்டாள்.

இப்போது அவர்கள் கோயமுத்தூரில் இருக்கிறார்கள். சோப்புக் கறையோடு அந்த ஜமக்காளங்கள் கூடத்தில் தினமும் விரிந்து கிடக்கின்றன. உடனே மருதாசலம் திருந்திவிட்டார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உடைந்த ரோலர் துண்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிப் பீரோவின் மேல்தட்டில் வைத்திருக்கிறார். எதற்கென்று கேட்டால், “எதுக்காவது ஆகும்” என்கிறார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் எழுந்து போய் உங்கள் வீட்டுப் பீரோவின் மேல்தட்டைக் கொஞ்சம் பாருங்கள். விருந்தாளிக்கென்று வைத்த பீங்கான் கோப்பைகள், ஒருநாளும் கட்டாத கைக்கடிகாரம், யாரையோ எங்கேயோ கூட்டிப்போகிறேன் என்று சொல்லி வாங்கிய பயணப்பெட்டி. இப்போதே பார்க்க வேண்டுமா, ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாமே என்று தோன்றுகிறதா? அப்படியானால் தயங்காமல் வாருங்கள். மருதாசலத்தின் பக்கத்தில் உங்களுக்கும் சோபாவில் ஓர் இடம் இருக்கிறது. உறை இன்னும் பிரிக்கவில்லை; முழங்காலை ஊன்றிக்கொண்டு உட்காருங்கள்.