முனிராஜ் செய்த ட்ரிக்கர்

கம்பெனிக்காரன் செய்து கொடுத்ததை அப்படியே பயன்படுத்துவது, முனிராஜைப் பொறுத்தவரை கையாலாகாதவன் வேலை. ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஆலையொன்றில் அவர் டூல் ரூம் சூப்பர்வைசர். அங்கே எவனாவது டிராயிங்கில் இருப்பதை மயிரிழை மாற்றினால் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கத்துவார். வீட்டுக்கு வந்தால் அதே குற்றத்தை அவரே செய்வார். மிக்ஸியின் வேகத்தைக் கூட்டினார். அந்தத் தேங்காய்ச் சட்னி இன்னும் சமையலறைச் சுவரில் இருக்கிறது. கெய்சரைத் திருத்தினார், ஆறு மாதமாக வீட்டில் அடுப்பில்தான் வெந்நீர்.

இந்த முறை அவர் கை அரித்தது ஏர் ரைபிளின் ட்ரிக்கர் மேல்.

வேட்டைக்காரன் ஆவது அவருடைய சின்ன வயசு ஆசை. காட்டில் ஒரு முயல் மேல் கை வைத்தாலே வனத்துறை ஜீப் வாசலில் வந்து நிற்கும். ஆகவே பார்வைக்கு வேட்டைத் துப்பாக்கி போலவே இருக்கும் ஏர் ரைபிள் ஒன்றை வாங்கி, தகர டப்பாக்களை வேட்டையாடிவந்தார். டப்பாக்கள் சௌக்கியமாகவே இருந்தன.

பொங்கலுக்குக் கெலமங்கலத்தில் மாமியார் வீட்டுக்குப் போனபோதுதான் மானம் போனது. மச்சான் சிவராஜ் கடலைக்காட்டு வரப்பில் ஏழு டப்பா அடுக்கினான். முனிராஜ் ஏழு குண்டு சுட்டார். ஏழும் அசையாமல் நின்றன. சிவராஜ் அதே துப்பாக்கியை வாங்கி ஐந்தைச் சாய்த்தான். மாப்பிள்ளை களைத்துப்போயிருப்பார், காபி கொடுங்கள் என்று மாமியார் உள்ளே குரல் கொடுத்தார். அந்தக் காபி இன்றுவரை முனிராஜுக்கு ஜீரணமாகவில்லை.

"ட்ரிக்கர்தான் காரணம்" என்றார் மனைவியிடம். "சைக்கிள் பிரேக்கு கணக்கா இழுக்க வேண்டியிருக்குது. அதுல குறி எப்படி நிக்கும்?"

"அதே ட்ரிக்கர்லதான என் தம்பி அஞ்சு அடிச்சான்?"

"அவனுது கலப்பை பிடிச்ச விரல். என்னுது மைக்ரோமீட்டர் பிடிச்ச விரல்."

மனைவி மாதேஸ்வரி அதிகம் பேசுகிறவள் அல்ல. கடிகாரக் கம்பெனியில் பதினோரு வருஷமாக அசெம்ப்ளி வரிசையில் உட்கார்ந்திருப்பவள். மூச்சுவிட்டால் பறந்துபோகும் சாமான்களோடு பழகிப் பழகி, மூச்சையே எண்ணித்தான் விடுவாள். அன்று ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். மாரியம்மன் பண்டிகைக்கு ஊருக்குப் போகிறோம். அங்கே தம்பியைவிடக் குறைவாக அடித்தால் துப்பாக்கியை அங்கேயே கொடுத்துவிட்டு வர வேண்டும். துப்பாக்கி வந்த நாளிலிருந்து சாப்பாட்டு மேசை முழுக்க அரமும் ஸ்பேனருமாகக் கிடக்கிறது. மகளோடு குடும்பமே தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறது. அவளுக்கு மேசை திரும்ப வேண்டும்.

முனிராஜ் ஒப்புக்கொண்டார். அன்றோடு அவர் நிம்மதி போயிற்று. உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் நடந்தார். கம்பெனி பஸ்ஸில் போகும்போது ஆள்காட்டி விரல் தானாகவே எதையோ இழுத்தது. முன்சீட்டுக்காரர் இடம் மாறி உட்கார்ந்தார். ஷிப்ட் முடிந்ததும் புது ட்ரிக்கர் செய்ய நண்பன் மாதேஷின் லேத்துப் பட்டறைக்கு ஓடினார். முதல் ட்ரிக்கர் நகரவே இல்லை. இரண்டாவது உடைந்தது. மூன்றாவது ட்ரிக்கர், விரல் பட்டதுமே வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு இயங்கியது. கம்பெனி சாமான் மாதிரியே தெரிய வேண்டும் என்று அதற்குக் கறுப்புப் பெயிண்டும் அடித்தார். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் காலை, குண்டு போடாமல் அதைத் துப்பாக்கியில் மாட்டி, ஸ்பிரிங்கை ஏற்றிச் சுவரில் சாய்த்துவைத்தார். மாதேஸ்வரி பீரோக் கதவைச் சாத்தினாள். துப்பாக்கி தானாகவே 'டப்' என்றது.

"ஏங்க, கதவு சாத்தினதுக்கே சுடுது. பொண்ணு ஓடியாடற வீடு. இதக் கழட்டிடுங்க."

"சென்சிட்டிவ்னா அப்படித்தான் இருக்கும். இதெல்லாம் டெக்னிக்கல். உனக்குப் புரியாது."

அவள் அரிசி ஊறவைக்கப் போனாள். பதினாறு வருஷம் குடித்தனம் நடத்தியவர் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். பாவம், ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார்.

மறுநாள் கடலைக்காட்டில் ஊரே கூடியிருந்தது. சிவராஜ் முதலில் சுட்டான், வழக்கம்போல் ஐந்து. முனிராஜ் துப்பாக்கியைத் தூக்கினார். விரலுக்கு ட்ரிக்கர் சற்றுக் கனமாகத்தான் பட்டது. காலைக் குளிரில் விரல் விறைத்திருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டு இழுத்தார். டப்பா விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. ஏழாவது மட்டும் தப்பித்தது. ஆறு.

அப்புறம் அவரை யாராலும் பிடிக்க முடியவில்லை. கம்பெனி ட்ரிக்கருக்கும் தம் ட்ரிக்கருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்று அரை மணி நேரம் பாடம் எடுத்தார். பழையதை வைத்திருந்தால் ஒரு டப்பாகூட விழுந்திருக்காது என்று மாரியம்மன் மேல் சத்தியமும் செய்தார். மாமியாரே காபி கொண்டுவந்தார். சிவராஜும் பக்கத்துக் காட்டுக்காரர்கள் இரண்டு பேரும், குரங்கு விரட்ட வைத்திருக்கும் தங்கள் ஏர் ரைபிளுக்கும் அதே மாதிரி வேண்டும் என்றார்கள். மாமா என்ற வகையில் முனிராஜ் பெருந்தன்மையாகத் தலையசைத்தார்.

ஓசூர் வரும்வரை பைக்கில் அதே பேச்சு. வீட்டுக்குள் நுழைந்ததும் மாதேஸ்வரி பர்ஸைத் திறந்து, காகிதத்தில் சுற்றிய கறுப்பான எதையோ மேசைமேல் வைத்தாள்.

"இந்தாங்க. நீங்க செஞ்சது. நேத்து நீங்க கடைக்குப் போனப்பவே கழட்டிட்டு, கம்பெனி ட்ரிக்கரயே மாட்டிட்டன்."

முனிராஜ் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "இத மாட்ட உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"கண்ணுக்குத் தெரியாத திருகு மாட்டறவ நானு. இது எனக்கு ஒலக்கை."

"அப்ப அந்த ஆறு டப்பா?"

"பொங்கலப்ப பயத்துல ரெண்டு கண்ணயும் மூடிட்டு சுட்டீங்க. இன்னிக்கி ட்ரிக்கர நம்பி ஒரு கண்ணத் தொறந்து வெச்சிருந்தீங்க."

"பொங்கலப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா என்ன பண்ணுவீங்க? கண்ணு மூடாம இருக்க ஒரு கண்ணாடி செய்றன்னு கெளம்புவீங்க."

அப்போது போன் அடித்தது. சிவராஜ்தான். கேட்பவர்கள் ஐந்து பேராகிவிட்டார்களாம். மாமா எப்போது செய்து தருவார் என்று ஊரே விசாரிக்கிறதாம். முனிராஜுக்கு வியர்த்தது. உண்மையைச் சொன்னால் இனி கெலமங்கலம் பக்கம் தலைகாட்ட முடியாது. செய்து கொடுத்தால் ஐந்து வீட்டில் துப்பாக்கி தானாகச் சுடும். போனைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

மாதேஸ்வரி மேசையிலிருந்த ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"செய்றன்னு சொல்லுங்க. மாட்டறதுக்கு மட்டும் நான் போயிட்டு வர்றன்."