குதிரை ஒப்படைத்த கூடுதல் பொறுப்பு

அரசாங்க அலுவலகத்தில் உட்கார்ந்தே சம்பளம் வாங்கியவர்களைப் பற்றி நீங்கள் நிறையக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நின்றே, அதுவும் முட்டியை மடக்கி அரைகுறையாக நின்றே, சர்வீஸை ஓட்டிய ஒரே மனிதர் இந்தத் தமிழ்நாட்டில் எங்கள் குதிரைதான். சவால் விட்டே சொல்கிறேன். சிரிக்க வைக்கலாம் என்றுதான் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். எவ்வளவு தூரம் முடிகிறது என்று பார்ப்போம்.

குதிரை என்பது நாங்கள் வைத்த பெயர். கராத்தேயில் குதிரை நிலை என்று ஒன்று உண்டு. இரண்டு காலையும் அகட்டி, முட்டியை மடக்கி, இல்லாத குதிரைமேல் சவாரி போகிறவர்போல அப்படியே நிற்க வேண்டும். நானும் நீங்களும் நின்றால் ஒரே நிமிடத்தில் தொடை தந்தியடிக்கும். அவர் பத்து நிமிடம் நிற்பார். தர்மபுரியில் நாங்கள் வேலை பார்த்த அலுவலகத்தில் (எந்தத் துறை என்று கேட்காதீர்கள், எனக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி இருக்கிறது) அவர் ரெக்கார்டு கிளார்க். பழைய கோப்புகளைச் சிவப்புத் துணியில் கட்டி அடுக்கி வைத்திருக்கும் ரெக்கார்டு ரூம்தான் அவர் ராஜ்ஜியம். அங்கே ஸ்டூல் ஒன்று இருந்தது. அதில் அவருடைய சாப்பாட்டுப் பை மட்டும்தான் உட்காரும்.

குதிரை நிலையில் நின்றபடியே பதிவேடு எழுதுவார், சீல் குத்துவார், போனில் பேசுவார். மனு கொடுக்க வந்த ஒரு பெரியவர் வெகுநேரம் அவரைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து குனிந்து, "பாவம், அந்த சாருக்கு மூலமுங்களா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லி விளக்குவதைவிட ஆமாம் என்பது சுலபமாக இருந்தது. அடுத்த வாரம் அந்தப் பெரியவர் ஏதோ ஒரு வேரை மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். குதிரை மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

ரெக்கார்டு ரூம் இரும்பு ரேக் ஒன்றின் காலில் தேங்காய் நார்க் கயிற்றைச் சுற்றி வைத்திருந்தார். காலை ஒன்பது மணிக்கே வந்து அதில் இருநூறு குத்து. முஷ்டி இறுகுவதற்காம். ஒருநாள் அந்த ரேக் அப்படியே சாய்ந்தது. சுவருக்கும் ரேக்குக்கும் நடுவே, காணவில்லை என்று மூன்று பேர் விளக்கம் எழுதிக் கொடுத்தே ஓய்வுபெற்றுப் போன ஒரு கோப்பு கிடைத்தது. மெமோவோடு ஓடி வந்த சூப்பிரண்டெண்டு அதைப் பார்த்ததும் மெமோவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "குத்தறதுதான் குத்தறீங்க, அந்தப் பக்கத்து ரேக்கயும் ரெண்டு குத்து குத்துங்க சார். அதுலயும் ஒண்ணு கெடைக்காம நிக்குது."

இவ்வளவு பயிற்சி செய்தவர் யாரையாவது அடித்திருக்கிறாரா என்றால் இல்லை. ஒருமுறை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு தெருநாய் துரத்தியபோது டீக்கடை பெஞ்சின்மேல் ஏறி நின்றுகொண்டார். ஏன் சார் என்று கேட்டதற்கு, "அதுக்கு ரூல்ஸ் தெரியாதுங்களே சார்" என்றார்.

தேர்தல் வேலைக்கு எங்கள் இரண்டு பேரையும் வத்தல்மலைக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி. விடிந்தும் விடியாமலும் குதிரை வராந்தாவில் நின்று குத்துக்கு ஒரு சத்தம் போட்டார். ராகி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வரிசையில் முதல் ஆளாக நிற்கலாம் என்று வந்த மலைக்காரர் இருவர் அப்படியே திரும்பி ஓட்டம். கட்சி ஏஜெண்டுகள் பெட்டியைத் தூக்க ஆள் வந்துவிட்டது என்று ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். நான் சமாதானப்படுத்தி எல்லோரையும் கூட்டி வருவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. "இன்னிக்கு ஒரு நாளு வுட்டுத் தொலைக்கக் கூடாதா சார்?" என்று கத்தினேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "வுட முடியாதுங்க சார்" என்றார். அன்றைக்குத்தான் எனக்குக் காரணம் தெரிந்தது.

அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். முதல் தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, இன்று ராத்திரி தாண்டுவதே கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். என்ன செய்வதென்று தெரியாமல், கல்லூரிக் காலத்தில் கற்றுப் பாதியில் விட்ட கராத்தேயை வண்டி நிறுத்தும் இடத்தில் நின்று செய்திருக்கிறார் இவர். குத்து முடிகிறபோது நர்ஸ் வந்து கண் முழித்துவிட்டார்கள் என்று சொன்னாளாம். அவ்வளவுதான். அன்றிலிருந்து ஏழு வருடம், ஒரு நாள் விடவில்லை.

"நான் டாக்டர் இல்லீங்க. சாமி கும்புடவும் எனக்குச் சரியா வராது. கண்ண மூடுனா வேற நெனப்பு வந்துருது. எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான் சார். இத வுட்டன்னா அவ போயிருவா."

எனக்கு அதற்கப்புறம் சிரிப்பு வரவில்லை என்று எழுதினால் பொய். வந்தது. ஆனால் அவருக்குக் கேட்காமல் சிரிக்கப் பழகிக்கொண்டேன்.

அந்தம்மாவைப் பார்க்க ஒருமுறை டயாலிசிஸ் வார்டுக்குப் போனேன். ரொம்ப மெலிந்து, கையெல்லாம் ஊசி குத்திப் புடைத்து, பார்க்கவே பாவமாக இருந்தது. வெளியே வராந்தாவில் குதிரை கால் அகட்டி நின்றுகொண்டிருந்தார். அந்தம்மா சிரித்துக்கொண்டே, "பாருங்க சார். பஸ்ஸுக்கு நிக்கறவராட்டம் சும்மா நில்லுங்கன்னா கேக்கறாரா? நர்சம்மாவெல்லாம் பயப்படறாங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா சார், எனக்கு உள்ள ஊசி போடும்போது, வெளிய இவரு நிக்கறாருன்னு ஒரு தெம்புதான்" என்றார். நான் வாங்கிப்போன ஆப்பிளை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

இரண்டு வருடம் இப்படியே போயிற்று. ஒரு ஆடி மாதம், மதியம் மூன்று மணிக்குக் குதிரை அலுவலகத்துக்கு வந்தார். அந்தம்மாவைச் சேலத்தில் சேர்த்திருந்தார்கள். தொப்பூர்க் கணவாயில் லாரி கவிழ்ந்து வண்டிகள் நின்றதால் இரண்டு மணி நேரம் ரோட்டிலேயே நின்று வந்ததாகச் சொன்னார். லீவு லெட்டரைச் சூப்பிரண்டெண்டிடம் கொடுத்துவிட்டு என் மேஜைக்கு வந்தார்.

"சார், கைய வுட்டா பயப்படறா. பாத்ரூம் போனாகூட அழுவறா. இனிமே என்னால நிக்க முடியாதுங்க. நீங்கதான் பாத்துக்கணும்."

எதைப் பார்த்துக்கொள்வது என்று எனக்குப் புரியவில்லை. ஒரு தாளை நீட்டினார். எங்கள் இலாகாவில் ஒருவர் லீவில் போனால் அவர் வேலையை இன்னொருவருக்குக் கூடுதல் பொறுப்பாக எழுதிக் கொடுப்பது வழக்கம். அதே மாதிரி முறைப்படி எழுதியிருந்தார். ரெக்கார்டு ரூம் சாவி ஒன்று. ஸ்டூல் ஒன்று, கால் ஆடும். அதற்குக் கீழே, காலைப் பயிற்சி: குதிரை நிலை பத்து நிமிடம், முஷ்டித் தண்டால் ஐம்பது, குத்து இருநூறு. "மேற்கண்ட பொறுப்புகளை இன்று பிற்பகல் ஒப்படைத்தேன்" என்று கையெழுத்தும் போட்டிருந்தார்.

"சார், இதெல்லாமா எழுதிக் கொடுப்பாங்க?"

"எழுத்துல இருந்தாத்தானுங்க செல்லும்."

அவர் கண்ணைப் பார்த்தேன். பேனாவை எடுத்து, "பொறுப்பேற்றுக்கொண்டேன், பிற்பகல்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சீலும் குத்தச் சொன்னார். குத்தினேன்.

முதல் நாள் எப்படியோ ஒப்பேற்றினேன். குதிரை நிலை பத்து நிமிடத்தைப் பதினேழு தவணையாகச் செய்தேன். தண்டாலில் வேகமாகக் கீழே போன என் தொப்பை மேலே வர மறுத்தது. என் மனைவி கையில் கரண்டியோடு வந்து நின்று, "காத்தோட எதுக்குங்க சண்ட? அது என்னா பண்ணுச்சு உங்கள?" என்றாள். இரண்டாம் நாள் முடித்தபிறகு வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினேன். சாயங்காலம் குதிரை போன் செய்து, "முடிச்சிட்டீங்களா சார்?" என்று கேட்பார். முடித்துவிட்டேன் என்பேன். "அவ இன்னிக்கு ரெண்டு வாய் கஞ்சி குடிச்சா" என்பார்.

மூன்றாம் நாள் நல்ல மழை. கையைத் தூக்கிப் பல் விளக்க முடியவில்லை. படுத்தபடியே யோசித்தேன். முப்பது வருட சர்வீஸ் யோசனை அது. இன்றைக்கு நிலுவையில் வைத்து, நாளைக்கு இரட்டிப்பாகச் செய்துவிடலாம். நானூறு குத்து, இருபது நிமிடக் குதிரை. எந்தக் கோப்பு ஒரு நாள் தள்ளிப்போனதால் செத்துப் போயிற்று? திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டேன்.

சாயங்காலம் போன் வந்தது. "முடிச்சிட்டீங்களா சார்?"

"முடிச்சிட்டன் சார்."

அன்றைக்குக் கஞ்சிக் கணக்குச் சொல்லாமல், "சரிங்க சார்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை நிலுவையைத் தீர்க்க லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கால் அகட்டி நின்றேன். நாலாவது நிமிடம் சூப்பிரண்டெண்டு போன் செய்தார். விடியற்காலையில் அந்தம்மா போய்விட்டார்.

காரிமங்கலத்துக்குப் பக்கத்தில்தான் அவர் ஊர். எல்லோரும் போனோம். நான் பந்தலுக்கு வெளியே, செருப்புகள் கிடந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். டாக்டரைக் கேட்டால் நூறு காரணம் சொல்வார், எனக்கும் படிப்பு இருக்கிறது, குத்துக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியும். எல்லாம் தெரிந்தும் என்ன? அந்தம்மாவைத் தூக்கிக்கொண்டு போகும்போது, நான்தான் கொன்றேன் என்றே இருந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது தாங்க முடியவில்லை. குதிரையை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய், "சார், அன்னிக்கு நான் செய்யல. பொய் சொன்னன். மழ... ஒடம்பு வலி... நாளைக்குச் சேத்துச் செய்யலாம்னு..." என்று உளறி அழுதேன். ஐம்பத்தைந்து வயதில், மொட்டையடித்த மனிதர் முன்னால், மூக்கை வேட்டியில் துடைத்துக்கொண்டு.

அவர் என் தோளைப் பிடித்தார். "தெரியுங்க சார். நம்ம ஆபீஸ்ல முடிச்சிட்டன்னா முடிக்கலன்னுதானே அர்த்தம்? உங்க கொரல்லயே தெரிஞ்சுருச்சு. அதான் அவ கொஞ்சம் கண் அசந்தப்ப, ஆஸ்பத்திரி மாடிப்படியில நானே செஞ்சிட்டன். இருநூறும் செஞ்சன். ஒரு நாளும் வுட்டுப் போவல. அவ நேரம் சார் அது. உங்க மேல ஒண்ணுமில்ல. வாங்க, சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். வெட்கமில்லாமல் இரண்டாம் தடவை சாம்பார் வாங்கிச் சாப்பிட்டேன். நெஞ்சிலிருந்து அம்மிக்கல் இறங்கியது மாதிரி இருந்தது.

ஆறு மாதம் கழித்து அவர் ஓய்வுபெற்றார். பாராட்டு விழாவுக்குக்கூட வரவில்லை. ரெக்கார்டு ரூமில் கிடந்த அவர் சாமான்களை எடுத்துப்போக அவர் மகள் வந்தாள், பொம்மிடியில் கட்டிக்கொடுத்த பெண். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் பேச்சுவாக்கில், "அம்மா போறதுக்கு மொத நாளு ஆஸ்பத்திரி மாடிப்படியிலகூட அப்பா செஞ்சாரேம்மா, என்னா மனுசன்!" என்றேன்.

அவள் விழித்தாள். "யாரு சொன்னாங்க? அன்னிக்குக் காலையில இருந்து அம்மா கையப் புடிச்சவரு வுடவே இல்லீங்க. அம்மா தூங்கவும் இல்ல. சாயங்காலம் போனுகூட நாந்தான் அவரு காதுல வச்சுப் புடிச்சிருந்தன். நீங்க பேசி வச்சதும், 'இன்னிக்கு யாரும் நிக்கலம்மா'ன்னு சொன்னாரு. எனக்கு அது என்னான்னு புரியலைங்க."

எனக்குப் புரிந்தது. ஒன்பது வருடம் அவர் உயிரைக் கொடுத்துக் காத்த ஒன்று என்னால் உடைந்தது. அது தெரிந்தும், மனைவி போன பதினாறாம் நாள், மொட்டைத் தலையோடு நின்று, எனக்காக ஒரு பொய்யை யோசித்துச் சொல்லிச் சோறும் போட்டிருக்கிறார். டீ ஆறிப்போயிற்று. அந்தப் பெண் ஸ்டூலை வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ரெக்கார்டு ரூமைத் திறந்து, கயிறு சுற்றிய ரேக்கின் முன்னால் நின்றேன். அன்றிலிருந்து இன்றுவரை விடவில்லை. காய்ச்சலிலும் நின்றிருக்கிறேன், மாமனார் செத்த அன்றும் நின்றிருக்கிறேன். இப்போது பத்து நிமிடம் தவணை இல்லாமல் நிற்பேன். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்னைத்தான் குதிரை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நிஜக் குதிரை அதற்கப்புறம் ஒரு நாளும் நிற்கவில்லை. ஊரில் நாள் முழுக்கக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். போன மாதம் நெஞ்சு வலி என்று இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தார். தினமும் சாயங்காலம் நான்தான் போன் செய்கிறேன்.

"முடிச்சிட்டன் சார்."

"நெஜமாவா சார்?"

"நெஜமாங்க சார்."

"எதுக்குங்க இன்னும்? அவதான் போயிட்டாளே."

"நாளைக்குக் கூப்புடறன் சார்" என்று வைத்துவிடுவேன். பொறுப்பை அவர் திரும்பக் கேட்கவில்லை, கேட்டாலும் கொடுக்க மாட்டேன். அவர் இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் வாங்குகிறவர். படித்துத் தெரிந்துகொள்ளட்டும், நான் இப்போது நிற்பது அவருக்காக.