வயலில் பிடித்த பாரை

உம்மா பாரை மீன் குஞ்சுகளைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஒவ்வொன்றும் விரல் நீளம்கூட இல்லை.

"இதுகள வளர உட்டிருந்தா ஒண்டு மட்டும் ஒரு வீட்டு ஆணத்துக்குக் காணும்" என்று குழம்புச் சட்டியைப் பார்த்து உம்மா முணுமுணுத்தார். கணினிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் சும்மா கிடந்த என் மூளை உடனே எழுந்து நின்றது. (உட்கார்ந்தே இருந்திருக்கலாம்.)

யுத்தம் முடிந்து கடல் தடை நீங்கியிருந்த காலம். கல்முனைக் கரைப் படகுகள் நினைத்த நேரத்தில் கடலுக்குப் போயின. குஞ்சு மீன்களும் வலை வலையாக வந்தன. எந்த இடத்தில் குஞ்சு வலையில் படுகிறது என்று ஒவ்வொரு படகும் சொன்னால், எல்லாவற்றையும் கணினியில் இணைத்து வரைபடமாக்கலாம். குஞ்சுகள் வளரும் பாறை எதுவென்று தெரிந்துவிடும். ஒரு பருவத்துக்கு அதைத் தொடாமல் விட்டால் போதும். உலகமே காத்திருந்த திட்டம் இதுதான் என்று நினைத்தேன்.

வாப்பாதான் மீனவர் சங்கச் செயலாளர். "மகள், இது பிழைச்சா மறுகா பாறைய சும்மா உடச் சொல்லி ஒருத்தன்ட்டயும் கதைக்கேலா" என்றார்.

"பிழைக்காது வாப்பா. கம்பியூட்டர்."

எங்கள் ஆட்கள் கடலில் இடம் சொல்வது கரையைப் பார்த்துத்தான். "சாலிக்காக்காட மாடிக்கு நேர் கிழக்க, கிட்டடிப் பாறை" என்பதுதான் குஞ்சு பட்ட இடமாகப் பலர் சொன்னது. ஆகவே கடனுக்கு வாங்கிய ஜீபிஎஸ் கருவியோடு வீட்டுத்திட்டக் குடியிருப்புக்குப் போய், சாலிக்காக்காவின் வீட்டு வாசலில் நின்று குறித்துக்கொண்டேன். சுனாமிக்குப் பிறகு கடலுக்குப் போவதையே விட்டு, அங்கே சின்னதாய் ஒரு கடை வைத்திருந்தார் அவர்.

"என்ட வீட்டுக்கும் மீனுக்கும் என்ன புள்ள சம்பந்தம்?"

"அது டேட்டா, காக்கா" என்றேன். அவர் மரியாதையாகத் தலையாட்டி ஒரு பிளேன்டீ தந்தார். படகுக்காரர்கள் சொன்ன மற்ற வீடுகளையும் அப்படியே குறித்தேன். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கிழக்கே அளந்து, பாறைக்குக் கணினி ஒரு புள்ளி போட்டது.

சங்கக் கூட்டத்தன்று, படம் காட்டச் சுவரில் வெள்ளைச் சீலை கட்டினோம். சாலிக்காக்காவும் தன் வீடு படத்தில் வருகிறதாம் என்று வந்திருந்தார். செயற்கைக்கோள் படத்தை நான் அப்போதுதான் முதன்முதலாகப் புள்ளிகளுக்கு அடியில் போட்டேன். (ஒருநாள் முந்திப் போட்டுப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

சிவப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கடலில் ஒன்றுகூட இல்லை; எல்லாம் நற்பிட்டிமுனை வயலுக்குள்.

என் மாமா மகன் அன்சார்தான் முதலில் வாயைத் திறந்தான். "மச்சி, இனி எங்களுக்குப் படகு வேணாம், உழவு மெசின் காணும்."

"வயலுக்குத் தண்ணி உடுற வட்டவிதானைக்கிட்டயும் ஒரு சொல்லுச் செல்லி வைங்க" என்றது பின்வரிசை. "பாரை முத்தினா அறுக்கணுமே."

மண்டபம் குலுங்கியது. வாப்பா தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். சுனாமிக்குப் பிறகு கரையோர வீடுகள் எல்லாம் ஊருக்குள்ளே தள்ளிப்போனது எனக்குத் தெரியாதா? எங்கள் வீடும்தான் போனது. வீட்டை நகர்த்தினால் கடலும் பின்னாலேயே வந்துவிடும் என்று என் கணினி நம்பியது. கணினியை நான் நம்பினேன்.

சாலிக்காக்கா எழுந்து வந்தார். சீலையில், அலை அடிக்கும் ஓரத்தில் விரலை வைத்தார்.

"மாடி இஞ்சதான் இருந்த, புள்ள." பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "நீங்க இன்னமும் என்ட மாடியப் பார்த்துத்தானா வலை உடுறீங்க? அதுதான் இல்லையே."

சிரிப்பு நின்றது. அந்த வீட்டோடுதான் அவருடைய மனைவியையும் அலை கொண்டுபோயிருந்தது.

அன்சார்தான் மெதுவாகச் சொன்னான். "ரெண்டு தென்னைக்கு நடுவால ஒரு வெளி தெரியும் காக்கா. எங்களுக்கு அதான் உங்கட மாடி."

அவர் அந்த இடத்திலிருந்து விரலை எடுக்கவில்லை. "அப்ப அதுக்கு நேர இரிக்கிற பாறைய இந்தப் பருவம் உடுங்களன். குஞ்சு வளரட்டும்" என்றார்.

வாப்பா செருப்பிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். பிறகு ஒவ்வொருவராக எழுந்து வந்து, இல்லாத தங்கள் வீடுகளைச் சீலையில் தொட்டுக் காட்ட, நான் அங்கே புள்ளி வைத்துக்கொண்டே போனேன். வாப்பாவும் எங்கள் வீட்டைக் காட்டினார். "கிணறு இன்னும் கொஞ்சம் வடக்க மகள்" என்று என் புள்ளியைத் திருத்தினார். அந்தப் பருவம் பாறையில் வலை விழவில்லை.

வீட்டில் இன்றைக்கும் மீன் ஆணம் பரிமாறும்போது "இது கடல் பாரையா, வயல் பாரையா?" என்று கேட்காமல் யாரும் கை கழுவுவதில்லை. என் கலியாணத்துக்கு அன்சார் கொண்டுவந்த பரிசு ஓர் அரிவாள்.

அடுத்த கிழமை பொத்துவிலுக்குப் போகிறேன். அங்குள்ள மீனவர்களும் ஒரு வரைபடம் கேட்கிறார்கள். இந்த முறை கணினியை உறையை விட்டு எடுப்பதற்கு முன்பே, கரையில் நின்று ஒன்றைக் கேட்கப்போகிறேன்: அலைக்கு முன்னம் இஞ்ச ஆருட வீடு இருந்த?